எந்தக் கிளாஸுக்குச் சொல்லணும்?

பெரிய வாய்க்கால் மதகைத் தாண்டிய பிறகுதான் சட்டையைக் கழற்றினேன். சுருட்டிப் பைக்குள் வைத்தேன். பத்தடி நடந்ததும் வெளியே எடுத்துத் தொங்கவிட்டேன். பையில் இருந்த இன்னொரு சட்டைக்கும் அந்தப் பூச்சிமருந்து வாசனை ஏறிவிடும் என்று பட்டது. தூக்கி எறியலாம் என்றால் எங்கே எறிந்தாலும் பக்கத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீரைப் பற்றி அன்றைக்கு எனக்கு எதுவும் தெளிவாக இல்லை.

தை மாதம். இரண்டு பக்கமும் சம்பா பழுத்துச் சாய்ந்து கிடந்தது. கூலி பேசி முடியாததால் யாரும் அறுக்க இறங்கவில்லை. கிழக்கே ஒரு ஊரில் இதே மாதிரி கூலிப் பேச்சு முற்றி ஒரு தெரு எரிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் வெளியூர்க்காரனைக் கண்டால் எல்லோருக்கும் ஒரு கேள்வி இருந்தது. எதிரே மாடு ஓட்டி வந்தவர், "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தவன், "எந்தக் கிளாஸுக்குச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாட்டை ஒதுக்கிக்கொண்டு போனார்.

அது என் பேச்சு இல்லை. ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அவர் டவுன் காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். சோதனைக் குழாய்களைக் கழுவுவது, புட்டிகளில் திராவகம் ஊற்றி வைப்பது, பரீட்சை நாளில் உப்புகளைப் பொட்டலம் கட்டி நம்பர் போடுவது, இவைதான் அவர் வேலை. கூத்தாநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விவசாயக் கூலிக்காரர்கள் தெருவில் பிறந்தவர். அந்தத் தெருவிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். பத்து விரலின் நுனியும் கறுப்பு. சில்வர் நைட்ரேட் பட்டால் அப்படித்தான் ஆகுமாம். தோல் உரிந்தால்தான் போகுமாம். தேர்தலில் விரலில் வைக்கிற மையிலும் அதுதான் இருக்கிறது என்று அவரே ஒரு தடவை சொல்லப் போக, தெருவில் பிடித்துக்கொண்டார்கள். "பத்து ஓட்டுப் போட்டவரு வர்றாருடா" என்பார்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

எதைக் கேட்டாலும் முதலில் அந்தக் கேள்விதான் வரும். டீக்கடையில் ஒருவர், "ஒம்போது மணி பஸ் இன்னிக்கு வருமா?" என்றார்.

"எந்தக் கிளாஸுக்குச் சொல்லணும்?"

"யோவ், வருமா வராதா, அதச் சொல்லுய்யா."

"எட்டாங் கிளாஸுக்குச் சொன்னா வரும். பி.யூ.சி.க்குச் சொன்னா, டயரு நல்லா இருந்தா வரும். டிகிரிக்குச் சொன்னா, பஸ்ஸு வரும், ஆனா ஒம்போது மணி வராது."

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வேடிக்கைக்காகச் சொல்வதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு நாள் நில உச்சவரம்புப் பேச்சு வந்தது. மிராசுதாருக்கு மொத்தம் எத்தனை ஏக்கர் என்று யாரோ கேட்டார்கள். "எட்டாங் கிளாஸுக்கு, சட்டத்துல சொன்னது எவ்வளவோ அவ்வளவு. பி.யூ.சி.க்குன்னா மச்சான் பேர்ல, மாமியா பேர்ல பினாமியா இருக்கறதையும் சேத்துக்கணும். டிகிரிக்குன்னா, அவரு வளக்கற பசு மாட்டுக்குப் பட்டா உண்டான்னு விசாரிக்கணும்." அன்றைக்கு டீ ஆற்றுகிறவர் பயந்துபோய், "மெதுவாப் பேசுங்க, காரியக்காரர் ஆளு இங்கதான் இருக்கான்" என்று என்னைக் காட்டினார்.

அந்த ஆள் நான்தான். கார்த்திகையில் அந்த ஊருக்கு வந்தேன். அதற்கு முன்னால் திருவையாற்றில் உற்சவப் பந்தலுக்குக் கீற்றுச் சுமந்தேன். அதற்கும் முன்னால் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற தொட்டியடியில் நின்றேன். ஏழாம் வகுப்போடு நின்றவன். நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அப்பா செத்தார், மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது, நான் போகவில்லை. அந்த ஊரில் கூலித் தகராறு நடந்துகொண்டிருந்ததால் உள்ளூர் ஆட்கள் மிராசுதார் வயலில் மருந்து அடிக்க மறுத்துவிட்டார்கள். அவருடைய பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் என்னைப் பிடித்து, முதுகில் ஸ்பிரேயரை மாட்டி, பம்புசெட் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். தகராறு எனக்குப் பாதிதான் புரிந்தது. சோறு முழுதாகப் புரிந்தது.

மருந்து டின்னில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். கீழே ஒரு மண்டையோட்டுப் படம். ஒரு சாயங்காலம் காலேஜிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர் கொட்டகை முன்னால் சைக்கிளை நிறுத்தினார்.

"இத யாரு அடிக்கறது?"

"நாந்தாண்ணே."

"என்ன படிச்சிருக்கே?"

"ஏழு."

டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. "ஏழுக்கு எங்கிட்ட புத்தகம் இல்ல. எட்டுக்கே சொல்றேன், கேட்டுக்க. காத்துக்கு எதுர நின்னு அடிக்காத. கை கழுவாம பீடி தொடாத. டின்னையும் ஸ்பிரேயரையும் ஓடுற தண்ணில கழுவாத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுப் பக்கம் போக ஆரம்பித்தேன். தெருவில் மற்றவர்கள் என்னோடு பேசுவதில்லை. அவர் பேசினார்.

ஒரே அறை. புத்தகங்களை உயரப்படி வைத்திருந்தார். தரையில் ஒரு மரப்பெட்டியில் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகங்கள், மூலை மடங்கி, மஞ்சளேறி. டிரங்குப் பெட்டி மேல் பி.யூ.சி. புத்தகங்கள். அதற்கும் மேலே, கூரை மோட்டிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில், அட்டை இல்லாத ஒரு கனத்த இங்கிலீஷ் புத்தகம். காலேஜில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பக்கத்திலேயே ஒரு அகராதி. சுவரில் தனிமங்களின் அட்டவணை தொங்கியது. கறையான் அரித்ததில் கடைசி இரண்டு வரிசை இல்லை. "அது எம்.எஸ்ஸி.காரனுக்கு, நமக்கு வேணாம்" என்பார்.

தெருப் பிள்ளைகள் புத்தகம் கேட்டு வருவார்கள். எந்த வகுப்பு என்று கேட்டு அந்த உயரத்திலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் டிரங்குப் பெட்டி மேலிருப்பதைக் கேட்டாள். "அதப் படிச்சா இந்த வருஷம் பெயிலாயிடுவ" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணைச் சொல்வானேன், அவரே அப்படிப் பெயிலானவர்தான். வேலை பார்த்துக்கொண்டே பி.யூ.சி. தனியாக எழுதி மூன்று தடவை கெமிஸ்ட்ரியில் போயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் எட்டாவது பதில், பி.யூ.சி. பதில், டிகிரி பதில் மூன்றையும் எழுதுவாராம். நாலாவது கேள்வியிலேயே மணி அடித்துவிடுமாம். "எந்தக் கிளாஸுக்கு எழுதணும்னு கேள்வித்தாள்ல போடலையே" என்றார். பி.யூ.சி. பரீட்சை என்றுதான் மேலேயே போட்டிருக்கும் என்று சொல்ல நினைத்தேன்.

எனக்கு அந்தப் புத்தகங்களால் தலை சுற்றியது. தரைப் பெட்டியில் பிராணவாயு என்று ஒன்று இருந்தது. டிரங்குப் பெட்டி மேல் உயிர்வளி என்று இருந்தது. பலகையில் ஆக்ஸிஜன். மூன்றும் வேறு வேறு சமாச்சாரம் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்சி மாறியதில் பாஷை மாறியது, காற்று அதேதான் என்றார். சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டால் அடுத்தது அணு. கீழே அதைப் பிளக்க முடியாது என்று போட்டிருந்தது. நடுவில் பிளந்து, உள்ளே குண்டு குண்டாகச் சுற்றவிட்டிருந்தார்கள். மேலே அந்தக் குண்டுகளும் இல்லை, ஏதோ மூட்டம் மாதிரி என்று அகராதி பார்த்துச் சொன்னார்.

"அப்ப கீழ இருக்கறது பொய்யாண்ணே?"

"பொய் இல்லப்பா. கிளாஸ் வேற."

"எட்டாவதோட நிக்கறவன்?"

அவர் அகராதியை மூடி, கறுத்த விரலால் அதன் மேல் தட்டிக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் கூலிப் பேச்சு உடைந்தது. மறுநாள் காலையில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குட்டையில் மீன் செத்து மிதந்தது. கெண்டை, குறவை, விரால் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு. நடுவில் ஏழெட்டு வாத்துகள். அந்தக் குட்டை கூலிக்காரர்கள் தெருவுக்கானது. குடிக்கக் கைப்பம்பு இருந்தாலும் குளிப்பது, துவைப்பது, மாடு இறக்குவது எல்லாம் அதில்தான். "மருந்தக் கொட்டிட்டானுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அரை மணி நேரத்தில் தெரு முழுக்கக் கரையில் நின்றது. அந்தப் பக்கம் மிராசுதார் களத்தில் அவருடைய ஆட்கள் கம்போடு கூடினார்கள். "அவனுங்களே கொட்டிட்டு நம்ம மேல பழி போடறானுங்க" என்று அங்கே பேச்சு. நடுவில் இருந்தது ஒரு வாய்க்கால் அகலம்.

நான் கொல்லைப் பக்கமாகச் சுற்றி அவர் வீட்டுக்குள் போனேன்.

"அண்ணே, நாந்தான்."

"என்ன நாந்தான்?"

"ஸ்பிரேயர அங்கதான் கழுவினேன். டின்னையும். முந்தாநாளு. ஓடுற தண்ணில கழுவாதன்னீங்க. அது நிக்கிற தண்ணி. அதான்."

கழுவும்போது தண்ணீர் பால் மாதிரி வெளுத்ததையும் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது.

"நா எட்டாங் கிளாஸுக்குச் சொன்னேன்" என்றார். பொத்தானைப் போட்டு முடித்து, "காரணம் மேலதான் இருக்கு" என்றார். எதற்கு மேலே என்று தெரியவில்லை.

மூன்று உயரத்துப் புத்தகங்களையும் இறக்கித் தரையில் பரப்பினார். பக்கங்களைத் தள்ளினார். வெளியே, "லேப்புக்காரரே, வாங்க! வந்து டெஸ்ட்டுப் பண்ணிச் சொல்லுங்க!" என்று கூப்பிட்டார்கள். மரப்பெட்டிக்கு அடியிலிருந்து சில்வர் நைட்ரேட் இருந்த ஒரு சின்னப் பழுப்புப் புட்டியை எடுத்தார். பானையிலிருந்து குடிக்கிற தண்ணீரை ஒரு குழாயில் மொண்டு, புட்டியிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் வெள்ளையாகத் திரிந்தது.

"பாத்தியா? இது நாம குடிக்கறது. இதுலயும் உப்பு இருக்கு, எல்லாத் தண்ணிலயும் இருக்கு. குட்டைத் தண்ணிலயும் இப்படித்தான் வரும். மருந்துல இருக்கற குளோரின் இந்தச் சொட்டுக்கு அகப்படாது. அதுக்குச் சோடியத்தப் போட்டு உருக்கணும். மேல் புத்தகம். நான் பாத்திருக்கேன், செஞ்சதில்ல."

"அப்ப இந்த டெஸ்ட்டு?"

"ஒன்னும் சொல்லாது."

"நான் போயிச் சொல்லிடட்டுமாண்ணே?"

"நீ மிராசுதார் ஆளு. தெரியாம கழுவினேன்னா எவன் நம்புவான்? மிராசுதார் அனுப்பிச்சான், நீ கழுவினேன்னுதான் ஆவும். மத்தியானத்துக்குள்ள ரெண்டு பக்கமும் ஆளு வுழும். மொத ஆளு நீ."

புட்டியையும் இரண்டு குழாய்களையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன்.

குட்டையில் குனிந்து தண்ணீர் மொண்டார். கறுத்த விரல்களுக்கு நடுவே குழாயை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். இரண்டு சொட்டு. பால் திரிவது போலத் திரிந்து வெள்ளை கீழே இறங்கியது. கூட்டம் மூச்சை இழுத்தது. கூலிக்காரர்கள் சங்கத்து இளைஞன் ஒருவன், தோளில் சிவப்புத் துண்டு, முன்னால் வந்தான்.

"சொல்லுங்கண்ணே. மருந்தா?"

எந்தக் கிளாஸுக்குச் சொல்லணும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நான் அறிந்து அந்த ஒரு தடவைதான் கேட்கவில்லை.

"உப்பு" என்றார்.

"உப்பா?"

"உப்பு. வெள்ளையா எறங்குது பாரு."

அந்தப் பக்கத்தில் வயலுக்குப் போடுகிற உரத்துக்கும் உப்பு என்றுதான் பெயர். யூரியா வந்த புதிதில் வெள்ளை உப்பு என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு பெரியவர் தாமாகவே, "தாளடிப் பயிருக்குப் போன வாரந்தான உப்புப் போட்டாங்க? வயல் தண்ணி வடிஞ்சு எறங்கியிருக்கும்" என்றார். "ஆமா, மேட்டு வயலு அவங்களுது" என்றார் இன்னொருவர். உரம் வடிந்து வருவது எல்லா வருஷமும் நடப்பது. அதற்காக யாரும் யாரையும் வெட்டுவதில்லை. சிவப்புத் துண்டுக்காரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மீன யாரும் எடுத்துத் திங்கக் கூடாது. குழி வெட்டிப் பொதைங்க, ஆழமா. நான் சொல்ற வரைக்கும் குட்டையில மாடு எறக்கக் கூடாது, கால் நனைக்கக் கூடாது. தெரியுதா?" என்று மட்டும் சத்தமாகச் சொன்னார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்தது. களத்தில் கம்புகள் சுவரில் சாய்ந்தன. மத்தியானம் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் அவரிடம், "அண்ணே, உப்புன்னீங்களே. எந்த உப்பச் சொன்னீங்க?" என்று கேட்டேன். ஜனங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்து சொன்னாரா, புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ஒனக்கு எந்தக் கிளாஸுக்குச் சொல்லணும்?"

டிகிரிக்கு என்று சொல்லியிருக்கலாம். "ஏழு" என்றேன்.

"அப்ப உப்புதான். நீ கெளம்பிடு." உள்ளே போய்ப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அதனதன் உயரத்தில் வைக்க ஆரம்பித்தார்.

பையை எடுத்துக்கொண்டு குட்டைக் கரையைத் தாண்டும்போது, வாத்துகளுக்குச் சொந்தக்காரி தனியாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாத்து முட்டையில்தான் அவள் குடும்பம் அறுப்பு வரைக்கும் ஓடும் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறேன். மண்வெட்டியை நிறுத்தாமல் பேசினாள்.

"முப்பது வருஷமா நடவு நடுறேன். உப்புப் போட்ட வயல்ல மொழங்கால் வரைக்கும் நின்னிருக்கேன். என் வாத்தும் அங்கதான் மேஞ்சிருக்கு. உப்புல வாத்து சாவுமாய்யா?"

நான் நின்றேன். அவள் கிட்டே வந்து என் சட்டைத் தோளைப் பிடித்து முகர்ந்தாள். பிறகு குழியோரம் கிடந்த ஒரு வாத்தைத் தூக்கி அதன் இறக்கையை முகர்ந்தாள்.

"ஒஞ் சட்டையிலயும் இதே உப்பு வாசனதான் அடிக்குது."

கரையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவள் அவர்களைப் பார்த்தாள், களத்துப் பக்கம் பார்த்தாள், தெருக் கூரைகளைப் பார்த்தாள்.

"நிக்காத. போ" என்றாள்.

அப்படித்தான் நடக்க ஆரம்பித்தேன். வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தும் வரவில்லை. அவர் அன்றைக்கு ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வாத்து பிழைத்திருக்கும். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் தெரு பிழைத்திருக்காது. இரண்டும் ஒரே ஆள் ஒரே மாதிரி செய்ததுதான். நல்ல மனிதர் என்று நினைப்பேன். அடுத்த மைல்கல்லில் அந்தப் பெண்ணின் குழி ஞாபகம் வரும். வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டார். "என்னய்யா மருந்து நாத்தம்?" என்று கேட்டுப் பின்னால் உட்காரச் சொன்னார். முத்துப்பேட்டைக்கு முன்னால் தண்ணீரே இல்லாத ஒரு பொட்டல் வந்தது. இறங்கி, ஒரு குச்சியால் குழி தோண்டிச் சட்டையைப் புதைத்தேன். ஆழமாக. அன்றைக்கு ரயிலடியில் படுத்தேன்.

மறுநாள் காலையில் உப்பளத்தில் ஆள் எடுத்தார்கள். மழைக்காலத்துச் சேற்றை வாரிவிட்டுப் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குகிற வேலை.

"உப்புல வேல பாத்திருக்கியா?" என்றார் மேஸ்திரி.

"எந்த உப்புல?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "உப்புல எந்த உப்பாம்! திங்கிற உப்புய்யா" என்றார் மேஸ்திரி. "சரி, நாலாவது பாத்தியில எறங்கு. வரப்போரமா மிதிக்காத."

"ஏன்?"

"மிதிக்காதன்னா மிதிக்காத."

"ஏன்னு சொல்லுங்க."

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வரப்பு எளசு. ஒடஞ்சா பக்கத்துப் பாத்தித் தண்ணி இதுல கலந்துடும். போதுமா?"

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. போதும் என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினேன்.